வில்மருக்கு, கல்மண்டபத்திலிருந்து

நீ அனுப்பிய படம் வந்தது வில்மர்.
மஞ்சளாக ஒரு சதுரம், மேலே கடுகு,
ஓரத்தில் கீறிய பச்சை மிளகாய்.
‘உன் ஊர்ச் சாப்பாடு, ஹூஸ்டனில் கிடைக்கிறது’ என்று
கீழே எழுதியிருந்தாய்.
மார்க்கெட்டில் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.
கையெல்லாம் செதில்.

முதல் நாள் நினைவிருக்கிறதா?
கப்பல்காரர்களைக் கடைக்குக் கூட்டிப்போகும் உன் வேனில்
முன் சீட்டில் நான்.
மெக்ஸிகோவா, என்று கேட்டேன்.
சிக்னல் பச்சையாக இருந்தும் பிரேக்கை மிதித்தாய்.
ஹோண்டுராஸ்.
திரும்பி வரும்போது என்னை ‘இந்து’ என்றாய்.
பொத்தானைக் கழற்றிச் சிலுவையைக் காட்டினேன்.
உங்கள் பாஷையில் இந்தியாவிலிருந்து எவன் வந்தாலும்
அதுதான் பேராம்.
சரி, கணக்கு நேர்.

பதினோரு வருஷமாகக் கப்பல் அடுப்பில் நிற்கிறேன்.
ஊருக்கு ஊர் உங்கள் பாஷையை
நாக்கால்தான் பிரிக்கத் தெரியும் எனக்கு.
மயாமியில் அது ஜன்னல் வழியாக நீட்டப்படும்,
மருந்து மூடியளவு கோப்பையில்,
காப்பியைவிடச் சர்க்கரை தூக்கலாய்.
அங்கே பேங்க் மேனேஜரும் அதில்தான் அதட்டுவார்.
லாங் பீச்சில் வண்டி மேல் ஏறி நிற்கும்,
சோளக்கதிரில் எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தேய்த்துக்கொண்டு.
ஒரு நிமிஷம் மெரினா என்றே நினைத்துவிட்டேன்.
‘நாங்க எல்லை தாண்டி வரலை,
எல்லைதான் எங்களைத் தாண்டிப் போச்சு’ என்றான்
சோளம் சுட்ட பையன், சில்லறை எண்ணியபடி.
நியூஆர்க்கில் உரலில் இடிபட்டது:
வறுத்த வாழைக்காய், பூண்டு.
இடித்தவள் டொமினிக்கன்.
தின்றவன் போர்ட்டோரிக்கோ.
பதார்த்தம் யாருடையது என்று தட்டு ஆறும்வரை சண்டை.
‘மேசா’வைத் துடை என்றாள் அவள், யாரிடமோ.
எங்கள் வீட்டு மேசைக்கு
அவர்கள் எப்போது பேர் வைத்தார்கள் என்று
கரண்டியோடு உட்கார்ந்திருந்தேன்.
ஹூஸ்டனில் எனக்குத் தெரிந்தது
உன் மனைவி யெசேனியா
பயறு மசித்து மடித்துத் தந்த ரொட்டி மட்டும்.
அதை வைத்து ஒரு ஊரையே சொல்லமாட்டேன்.

போன வாரம் ஏர்போர்ட் டாக்ஸிக்காரர் கேட்டார்,
எந்தப் பக்கம் சார்?
ராயபுரம்.
ஓ, நார்த் மெட்ராஸா.
கண்ணாடியை ஏற்றினார்.
பாலம் தாண்டிட்டா எல்லாம் ஒண்ணுதானே சார் அங்க?

கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் போகும்வரை
அப்பலசாமி பையன் எந்த பாஷையில் ரயிலைத் திட்டுவான்,
பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ பிசைகிற செல்லமுத்து
பேசுவது தமிழாய் இருந்தும்
முட்டையை மட்டும் ஏன் பர்மாக்கணக்கில் எண்ணுகிறார்,
மண்ணடியில் உருதுவில் வணக்கம் வைத்தவனுக்கு
கீழக்கரைத் தமிழில் என்ன கிடைத்தது,
எல்லாம் வாய்வரை வந்தது.
சொல்லவில்லை.
அவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார்.
உன்னைப்போல் எனக்கும் ஒரு பிரேக் இருந்திருக்கலாம்.

அந்த மஞ்சள் சதுரத்துக்கு வருகிறேன்.
அது டோக்ளா.
என் வீட்டில் ஒருநாளும் அவித்ததில்லை.
‘இது எங்களுடையது இல்லை, குஜராத்’ என்று
ஈர விரலால் தட்டினேன்.
அனுப்பப் போனேன்.
அப்போதுதான் சவுகார்பேட்டை தேவ்சந்த் கடை ஞாபகம் வந்தது.
ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்து நடந்தே போவோம்.
கணக்குக் குஜராத்தியில், வசவு தமிழில்,
என் சின்ன மகளுக்கு மட்டும் ஒரு துண்டு கூட.
அவர் தாத்தா காலத்துக் கடை அது.
எங்கள் அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமக்க வந்ததே
அதற்கப்புறம்தான்.

தட்டியதை அழித்தேன்.

‘இன்னாபா, வாங்குறியா, செல்லையே நோண்டினுக்கிறியா?’
என்கிறாள் மீன்காரம்மா.

ஆமாம் வில்மர்.
எங்க ஊருதுதான்.
மிளகாயை ஒதுக்கி வைக்காதே,
அதையும் சேர்த்துக் கடி.